சாக்கும் இரட்டும்: வன்னியில் ஒரு வேதவாசிப்பு

இது ஒரே ஒரு மனிதரைப் பற்றிய ஆய்வு. வயது அறுபதைத் தாண்டியவர். விவசாயிகளிடம் நெல் வாங்கி ஆலைக்குக் கொடுப்பது தொழில். ஊர் கிளிநொச்சி மாவட்டத்தில், இரணைமடுக் குளத்து வாய்க்கால் பாயும் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். "எழுதுங்கோ தம்பி, ஆனால் ஆரெண்டு தெரியக்கூடாது" என்பதுதான் அவர் போட்ட நிபந்தனை. ஊரார் கூப்பிடுவது போலவே அவரை அண்ணை என்றும் அவருடைய மனைவியை அக்கா என்றும் எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவன், அவர் போகும் சபையிலேயே வேதபாட வகுப்புக்குப் பொறுப்பாக இருக்கிறேன். 2017இலிருந்து அவர் சொன்னதையும் நான் பார்த்ததையும் ஒரு கொப்பியில் குறித்து வந்தேன். அந்தக் கொப்பிதான் இதற்கு ஆதாரம்.

எங்கள் வீடுகளில் வேதாகமம் இல்லாமல் இல்லை. ஆனால் பெரும்பாலும் அது வசனங்களாகத்தான் இருக்கிறது. சுவரில் ஒன்று, நாட்காட்டியில் ஒன்று, வான் கண்ணாடியில் ஒன்று, புதுவருட ஆராதனையில் தட்டிலிருந்து எடுக்கும் வாக்குத்தத்த அட்டையில் ஒன்று. அண்ணையும் ஐம்பது வருடத்துக்கு மேல் அப்படியான கிறிஸ்தவர்தான். அவரை அசைத்தது வசனம் அல்ல, அதிகாரம் அதிகாரமாக வாசித்த வாசிப்பு. அதிலும் யாரும் அட்டையில் அச்சடிக்காத பகுதிகள். நான் சொல்ல வருவது இவ்வளவுதான்.

பின்னணி

அண்ணைக்கு ஒரு மகளும் ஒரு மகனும். மகள் கலியாணம் செய்து வவுனியாவில் இருக்கிறாள். மகனுக்கு அப்போது பத்தொன்பது வயது. 2009 மே மாதம், போர் முடிந்த நாட்களில், வட்டுவாகல் பாலம் கடக்கும்போது கண்டதுதான் கடைசி. அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. தாயும் தகப்பனும் செட்டிகுளம் மெனிக்பாமில் இராமநாதன் முகாமில் இருந்துவிட்டு 2010இல் ஊர் திரும்பினார்கள். குடும்ப வேதாகமம் மாத்தளனில் ஒரு பங்கருக்குள் போய்விட்டது. முகாமில் யாரோ கொடுத்த சின்னப் புதிய ஏற்பாடு ஒன்று இருந்தது. அதை அக்கா தலையணைக்குக் கீழே வைத்திருந்தார். வாசிக்கவில்லை, வைத்திருந்தார்.

பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபாய் கிடைத்து வீடு எழும்பியது. கூரை போட்டார், கதவு போட்டார், உள்ளே பூசவில்லை. வளவில் ஒரு தென்னம்பிள்ளைகூட வைக்கவில்லை. கேட்டால் "பெடியன் வரட்டும்" என்பார். அந்த ஒரு வசனத்தில் எல்லாக் கதையும் முடிந்துவிடும்.

தொழில் நன்றாகவே போனது. பின்னேரங்களில் கொஞ்சம் குடி. தம்பியாரோடு எல்லை வேலிப் பிரச்சினை. மீள்குடியேறியபோது பழைய எல்லைக்கல்லைக் காணவில்லை. ஆளுக்கொரு கதியாலை, அதாவது வேலிக்கு நட்ட தடியை, காட்டி "இதுதான் அப்பு நட்டது" என்றார்கள். வன்னியில் இப்படி எத்தனை வேலி என்று எண்ணினால் ஒரு கொப்பி காணாது.

தொடக்கம்

2017 புதுவருட நள்ளிரவு ஆராதனையில் அண்ணை எடுத்த அட்டை எரேமியா 29:11. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்று தொடங்கும் வசனம். அதே வசனம் முன்பும் ஒரு வருடம் அவருக்கு வந்திருந்தது. பழைய அட்டை வீட்டில் நிலையடியில் வெளிறிப்போய் ஒட்டியிருந்தது. ஆராதனை முடிந்து தேநீர்க் கோப்பையோடு என்னிடம் வந்து, "தம்பி, ஆண்டவரிட்ட வேற வசனம் இல்லையோ?" என்று கேட்டார். பகிடிபோலத்தான் கேட்டார். முகத்தில் பகிடி இல்லை.

அது ஒரு கடிதத்தின் நடுவில் வரும் வரி, முழு அதிகாரத்தையும் வாசித்துப் பாருங்கள் என்றேன். அவர் அதற்கும் ஒத்துவரவில்லை. "கணக்குக் கொப்பியை நடுவில திறந்து பார்க்கிறவன் ஏமாந்துபோவான். வாசிக்கிறதெண்டால் முதலாம் பக்கத்திலயிருந்து வாசிக்க வேணும்" என்றார். சரி, வாசியுங்கள் என்றேன். மொத்தம் 1189 அதிகாரம். நாளுக்கு ஒன்று என்றால் மூன்று வருடமும் மூன்று மாதமும் ஆகும். லேவியராகமத்தோடு விட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். நான் பார்த்த பலர் அங்கேதான் விட்டிருக்கிறார்கள்.

இரண்டு சின்ன விஷயங்கள் அவரை விடாமல் பிடித்தன. ஒன்று, அக்காவுக்குக் கண்ணில் புரை. அதனால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணை சத்தமாக வாசிக்க வேண்டியிருந்தது. சத்தமாக வாசிக்கிறவர் பெயர்களை விழுங்க முடியாது, தாண்டிப் போகவும் முடியாது. கேட்கிற ஆள் பிடித்துவிடும். அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரத்து எத்தியோப்பிய மந்திரி இரதத்தில் வாசித்ததும் சத்தமாகத்தான். அதனால்தான் பிலிப்புக்குக் கேட்டது, "நீர் வாசிக்கிறவைகளின் கருத்து உமக்குத் தெரியுமா" என்று கேட்க முடிந்தது.

மற்றது, மொழி. அவர் கையில் இருந்தது பழைய மொழிபெயர்ப்பு, 1871இல் வந்த ஐக்கியத் திருப்புதலின் வழிவந்தது. தமிழ் வேதாகமத்துக்கு நீண்ட வரலாறு. 1715இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கின் புதிய ஏற்பாடு அச்சேறியது. யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியார் பொறுப்பில் நடந்து 1850இல் வெளிவந்த மொழிபெயர்ப்பில் ஆறுமுக நாவலரின் கை இருக்கிறது. சைவத்துக்காக வாழ்ந்த மனிதர் வேதாகமத் தமிழையும் செதுக்கிக் கொடுத்தார் என்பதை எங்கள் ஆட்கள் பலர் மறந்துவிட்டார்கள். 1995இல் வந்த திருவிவிலியம் எளிமையானது, அதையும் அவருக்குக் கொடுத்துப் பார்த்தேன். திருப்பித் தந்துவிட்டார். "இது ஓடுது தம்பி. மற்றது தடக்குது. தடக்கினால்தான் நிண்டு பார்ப்பன்." பழைய தமிழ் ஏழைகளுக்கு எட்டாது என்று நானே வகுப்பில் பேசியிருக்கிறேன். இந்த ஆளுக்கு அது எட்டாததே உதவியாகப் போயிற்று.

சாக்கு

ஜூலை தொடக்கத்தில் உபாகமம் 25க்கு வந்தார். "உன் பையிலே பெரிதும் சிறிதுமான பலவித நிறைகற்களை வைத்திருக்கவேண்டாம்." வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிட்டாராம். அக்கா "அதிகாரம் முடிஞ்சுதோ?" என்று கேட்க, "முடிஞ்சுது" என்றாராம். முடியவில்லை, இன்னும் ஐந்தாறு வசனம் இருந்தது.

இந்த இடத்தில் நெல் வாங்கும் தொழிலைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வாங்குகிறவர் ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு கழிவு வெட்டுவார். சாக்குப் பாரம் ஒன்று, ஈரம் ஒன்று. ஈரத்துக்கு ஒரு நியாயம் உண்டு. 14 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் நெல் காய்ந்து நிறை இறங்கும். சாக்குப் பாரத்துக்கும் ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. அப்போது சணல் சாக்கு, வெறும் சாக்கே ஒரு கிலோவை நெருங்கும். இப்போது பிளாஸ்டிக் உரப்பை. பாரம் போய்விட்டது, கழிவு போகவில்லை. அண்ணை மூட்டைக்கு இரண்டு கிலோ வெட்டிக்கொண்டிருந்தார். அவர் மட்டுமல்ல, அந்தப் பக்கத்தில் எல்லாரும். வெட்டுகிறவருக்கு அது களவாகத் தெரியாது, கொடுக்கிறவருக்கும் தெரியாது. அது ஒரு வழமை.

அடுத்த நாள் காலை அவர் பத்து வெறும் உரப்பைகளைச் சுருட்டி, கயிற்றால் கட்டித் தராசில் தொங்கவிட்டார். ஒரு கிலோவுக்குச் சற்று மேல். பத்துப் பைக்குத்தான் அவ்வளவு. அதே பத்து மூட்டைக்கு அவர் வெட்டியது இருபது கிலோ. "எனக்கு முதலே தெரியும் தம்பி. ஆனால் நிறுத்துப் பார்க்கயில்ல. நிறுக்கிறதுதான் என்ர தொழில், இதை மட்டும் நிறுக்கயில்ல."

இதற்குப் பிறகு அவர் உடனே திருந்தினார் என்று எழுத எனக்கும் ஆசைதான். எட்டு மாதம் ஒன்றும் செய்யவில்லை. வறட்சி வருடம், சிறுபோக நெல்லே கையில் எண்ணத்தக்க மூட்டைதான் வந்தது, அதிலும் பழைய இரண்டு கிலோவைத்தான் வெட்டினார். அந்தப் பத்துப் பைக் கட்டு மட்டும் அவிழ்க்கப்படாமல் தராசடியில் கிடந்தது. நான் போன நேரங்களில் கண்டிருக்கிறேன்.

இரட்டு

2017 பெப்ரவரி 20ஆம் தேதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்னால் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் தறப்பாள் கட்டிப் போராட்டம் தொடங்கினார்கள். அக்கா சில நாளிலேயே போய் இருக்கத் தொடங்கிவிட்டார். பஸ்ஸில் போய், இருட்ட முதல் திரும்பி வருவார். அண்ணைக்குப் பிடிக்கவில்லை. "வீட்டில இருந்து செபிக்க ஏலாதோ? அதுவும் கோயில் வாசலில" என்று என்னிடம் குறைப்பட்டார். அதைக் கேட்டுக்கொண்டு நானும் தலையாட்டினேன். இது என் குற்றம், எழுதித்தான் ஆக வேண்டும். வீதியில் இருப்பதைவிட முழங்காலில் இருப்பது மேல் என்று வகுப்பிலும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். அக்கா அந்த வகுப்பில் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு நாளும் தவறாமல் வாசித்திருந்தால் 288ஆம் நாள், ஒக்டோபர் நடுப்பகுதியில், இரண்டாம் சாமுவேல் 21 வந்திருக்கும். இடையில் விட்ட நாட்களைச் சேர்த்து அவர் அங்கே வந்தது நவம்பர் தொடக்கத்தில். மாரி தொடங்கியிருந்தது. போராட்டம் 250 நாளைத் தாண்டியிருந்தது.

அந்த அதிகாரத்தை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். தாவீதின் நாளில் மூன்று வருடம் பஞ்சம். சவுல் முன்பு செய்த கொலைகளுக்கு ஈடாகக் கிபியோனியர் சவுலின் வம்சத்தில் ஏழு பேரைக் கேட்கிறார்கள், ராஜா கொடுக்கிறான். ஏழு பேரும் மலையில் தூக்கிலிடப்படுகிறார்கள். அதில் இரண்டு பேர் ரிஸ்பாள் என்ற பெண்ணின் பிள்ளைகள். அவள் இரட்டு என்னும் முரட்டுத் துணியை எடுத்துப்போய்ப் பாறையில் விரித்து உட்கார்ந்துவிடுகிறாள். பகலில் பறவையும் இரவில் காட்டு மிருகமும் அந்த உடல்களை அண்டவிடாமல் காக்கிறாள். வாற்கோதுமை அறுப்புத் தொடங்கியதிலிருந்து மழை பெய்யும்வரை. முழு அதிகாரத்திலும் அவள் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவள் செய்தது தாவீதுக்கு அறிவிக்கப்படுகிறது. அதற்குப் பிறகுதான் ராஜா எழும்பி, எங்கோ கிடந்த சவுலின் எலும்புகளையும் யோனத்தானின் எலும்புகளையும் எடுப்பித்து, தூக்கப்பட்டவர்களின் எலும்புகளையும் சேர்ப்பித்து, அடக்கம் செய்விக்கிறான்.

அடுத்த நாள் விடிய அண்ணை மழைக்கோட்டோடு என் வீட்டுப் படலையில் நின்றார். "தம்பி, சாக்கு விரிச்சு இருந்த மனுசி ஒருத்தி வேதத்தில இருக்கிறா, உங்களுக்குத் தெரியுமோ?"

தெரியும் என்றேன். தெரியும்தான். ஒருநாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

"அறுப்புத் தொடங்கினதிலயிருந்து மழை வரைக்கும் எண்டு போட்டிருக்கு. இவள் மாசியில போனவள். மாசியில நாங்கள் காலபோகம் வெட்டினனாங்கள். இப்ப மழை." அவ்வளவுதான் சொன்னார். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அன்று அவரே அக்காவை ஏற்றிக்கொண்டு போய்ப் போராட்டக் கொட்டிலில் விட்டார். கூடவே நாலு பழைய சணல் சாக்கு. கீழே ஈரம் ஏறாமல் பாய்க்கு அடியில் போட. இரட்டு என்றால் இந்தச் சாக்கு மாதிரியான முரட்டுத் துணிதான் என்று நான் பிறகு சொன்னபோது, "அது எனக்குத் தெரியும், சாக்கைப் பற்றி எனக்குச் சொல்லித்தராதேங்கோ" என்றார். அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு மூன்று நாள் அவர்தான் கொண்டுபோய் விடுவார். முதலில் வீதியிலேயே இறக்கிவிட்டுப் போனவர், பிறகு உள்ளே போய் இருந்தார். ஒருநாள் மகனின் படத்தை அவரே மடியில் வைத்திருந்ததைக் கண்டேன்.

2018 காலபோக அறுவடையில் அந்தப் பத்துப் பைக் கட்டை அவர் நெல்லுக்காரர் முன்னிலையிலேயே தராசில் தூக்கிக் காட்டினார். சாக்குக் கழிவு இனி இவ்வளவுதான் என்றார். ஈரத்தை மீற்றர் வைத்து அளந்து தனியாகச் சொன்னார்.

விளைவு உடனே இனிக்கவில்லை. அவர் நெல் கொடுத்த ஆலை அவரிடம் பழைய இரண்டு கிலோவையே வெட்டியது. மூட்டைக்கு மூட்டை கைநட்டம். மற்ற வாங்குகிறவர்கள் "பாதிரியார் வந்திட்டார்" என்று நக்கலடித்தார்கள். இரண்டு கிழமையில் அவர் ஒரு வழி கண்டார்: கிலோவுக்கு விலையை மற்றவர்களைவிடக் கொஞ்சம் குறைத்து, ஏன் குறைக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லி வாங்கினார். சிலர் வேறு ஆளிடம் போனார்கள். சிலர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். மொத்தத்தில் வருமானம் முந்தியதைவிடக் குறைவுதான். கர்த்தர் பத்து மடங்காகத் திருப்பிக் கொடுத்தார் என்ற சாட்சியைச் சபையில் சிலர் அவரிடம் எதிர்பார்த்தார்கள். அவர் சொல்லவில்லை, ஏனென்றால் அப்படி நடக்கவில்லை.

எழுபது வருடம்

2019 நடுவில் எரேமியா 29 வந்தது. அட்டையில் இருந்த 11ஆம் வசனத்துக்கு ஒரு வசனம் முன்னால், பாபிலோனில் எழுபது வருடம் முடிந்த பின்பு என்று இருக்கிறது. சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. கேட்ட பெரியவர்களில் அநேகர் அந்த முடிவைக் கண்ணால் காணப்போவதில்லை. அதற்கும் முன்னால் 5ஆம் வசனம்: "நீங்கள் வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்."

அண்ணை நிலையடியில் இருந்த அட்டையைக் கழற்றி எரேமியாவுக்குள் வைத்தார். அந்த மாரியில் ஐந்து தென்னம்பிள்ளை வாங்கி வந்து வளவில் நட்டார்.

அக்கா மூன்று நாள் அவரோடு கதைக்கவில்லை. நாலாம் நாள், "அப்ப நீங்கள் அவனை விட்டிட்டியள்" என்றாராம். அதை என்னிடம் சொல்லும்போது அண்ணை அழுதார். இங்கே யார் சரி என்று தீர்க்க நான் ஆளில்லை. ஒரே புத்தகத்தை ஒரே மேசையில் இருந்து கேட்ட இரண்டு பேரில், ஒருவருக்கு அது நட்டுவை என்றது, மற்றவருக்கு எழும்பாதே என்றது. இரண்டும் புத்தகத்தில் இருக்கிறது. தென்னம்பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றுவது இப்போது அக்காதான். எப்போது தொடங்கினார் என்று அண்ணைக்கும் தெரியாது.

மாறியதும் மாறாததும்

இந்த மாற்றத்துக்கு வேதவாசிப்புத்தான் காரணமா என்று கேட்பார்கள், கேட்க வேண்டும். அவருடைய போட்டியாளர் ஒருவரின் விளக்கம்: "வயசு போனால் எல்லாரும் நல்லவர்தான்." அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். காலம் போனது, மகளுக்குப் பிள்ளை பிறந்தது, வைத்தியர் குடியை நிறுத்தச் சொன்னார். குடி நின்றதற்குக் காரணம் சீனி வருத்தம்தான், வேதம் அல்ல என்று அண்ணையே சொல்வார். ஆனால் வயது போனவர்கள் எல்லாரும் வெறும் சாக்கை நிறுத்துப் பார்ப்பதில்லை. அந்தச் செய்கைக்கும் அந்த வசனத்துக்கும் இடையில் இருந்தது ஒரே ஒரு இரவு.

386இல் மிலான் தோட்டத்தில், பிற்காலத்தில் ஆயரான அகுஸ்தீன் ரோமர் நிருபத்தைத் திறந்து, கண்ணில் பட்ட ஒரு பகுதியிலேயே மாறிப்போனதை நாங்கள் பிரசங்கத்தில் விரும்பிச் சொல்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். அண்ணையின் கதை அந்த வகையில் சேராது. அவருக்கு ஒரு வசனம் உள்ளே போக எட்டு மாதமும், அதை உள்ளே தள்ளிவிட வேறொரு அதிகாரமும் தேவைப்பட்டது.

மாறாதது தம்பியார் விஷயம். மத்தேயு 5இல், "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவு வந்தால் காணிக்கையை வைத்துவிட்டுப் போ என்று இருக்கிறது. உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று அல்ல, அவனுக்கு உன்மேல். அந்த ஒரு வேற்றுமையில் அண்ணை இரண்டு நாள் தடக்கி நின்றார். பிறகு ஒரு ஞாயிறு ஆராதனைக்கு வராமல் தம்பியார் வீட்டுக்குப் போனார். வேலியைத் தம்பியார் சொன்ன கதியாலுக்கே தள்ளிப் போடுகிறேன் என்று சொல்லத்தான் போனார். படலை திறக்கவில்லை. நாய் மட்டும் குரைத்ததாம். பிறகும் இரண்டு தரம் போனார். வேலி இன்னும் பழைய இடத்தில்தான் நிற்கிறது. அண்ணையின் வாயும் அப்படித்தான். கோபம் வந்தால் இப்போதும் ஒரு சொல்லுக்கும் வெட்கப்பட மாட்டார்.

முதல் சுற்று 2020 கடைசியில் முடிந்தது. 2021 தையில் மறுபடி ஆதியாகமம். அந்த வருடம் இரசாயன உர இறக்குமதித் தடையால் நெல் விளைச்சல் விழுந்தது. கழிவைப் பழையபடி வெட்டச் சொல்லி வீட்டுக்குள்ளிருந்தே யோசனை வந்தது, மருமகனிடமிருந்து. பத்துப் பைக் கட்டைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருந்தாராம்.

2022 பங்குனியில், மின்வெட்டு நீண்டுகொண்டே போன நாட்களில், ஒரு இரவு நான் அங்கே இருந்தேன். மண்ணெண்ணெயும் இல்லை. கைத்தொலைபேசி வெளிச்சத்தில் அண்ணை முதலாம் நாளாகமத்துக்கு வந்திருந்தார். முதல் ஒன்பது அதிகாரமும் ஏறக்குறைய வெறும் பெயர்கள். இன்னார் இன்னாரைப் பெற்றான், இன்னாரின் குமாரர் இன்னார். முதல் சுற்றில் இதை இரண்டு நாளில் மேலோட்டமாகத் தள்ளிவிட்டதாக எனக்குச் சொல்லியிருந்தார். பற்றறி பன்னிரண்டு சதவீதம் காட்டியது. நாலைந்து பெயர் வாசித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டப் போனார்.

"பேரை விடாதேங்கோ," என்றார் அக்கா இருட்டுக்குள்ளிருந்து. "ஒண்டொண்டா வாசியுங்கோ."

அண்ணை விரலை வைத்து, விட்ட இடத்தைத் தேடிப் பிடித்து, மறுபடி வாசிக்கத் தொடங்கினார்.